இடைகழி எத்தனை அடி?

இத்தாலி தேசத்துக்குப் போய் வருகிறவர்கள் என்னென்ன கொண்டு வருவார்கள்? தோல் கைப்பை கொண்டு வரலாம். வர்ணக் கண்ணாடிச் சாமான் கொண்டு வரலாம். என் அண்ணன் மகள் போய் வந்தபோது நான்கு நோட்டுப் புத்தகங்கள் கொண்டு வந்தாள். நான்கிலும் பென்சில் படம். படம் என்றால் மலையும் அருவியுமா? இல்லை. ஒரு வாசற்படி, அதைச் சுற்றிச் சென்டிமீட்டர் கணக்கு. ஒரு மாடிப்படி, அதைச் சுற்றியும் சென்டிமீட்டர் கணக்கு. ஒரு ஜன்னல், அதற்கும் அப்படியே!

"ஏண்டி பெண்ணே, வாசற்படியைப் பார்க்கவா விமானம் ஏறினாய்? நம் மாம்பலத்தில் வாசற்படி இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு அத்தை. ஆனால் அதை யாரும் அளந்து பார்க்கவில்லையே!" என்றாள்.

இந்தப் பதில்தான் பத்து நாள் கழித்து என்னைத் திருக்கோவிலூர் வரையில் இழுத்துக்கொண்டு போயிற்று. கையில் அளவு நாடாவின் ஒரு முனையையும் பிடிக்க வைத்தது.

அவள் கட்டடக் கலை படிக்கிறாள். ஐந்து வருஷப் படிப்பு. நாலாம் வருஷத்துக் கோடை விடுமுறையில் இத்தாலியில் ஒரு பழைய மலை ஊரில் தங்கிப் படித்துவிட்டு வந்தாள். ரோமாபுரிக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். பெயர் சிவிட்டா. ரோமானியர்களுக்கும் முந்திய எட்ருஸ்கர்கள் சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் குடியேறிய குன்று அது. மேலே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல், கீழே களிமண். மழையில் களிமண் கரையக் கரைய, மேலே இருக்கும் கல் ஓரம் ஓரமாகச் சரிந்து விழுகிறது. 1695-ல் ஒரு பூகம்பமும் வந்தது. ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். உள்ளே போவதற்கு 1965-ல் கட்டிய நடைபாலம் ஒன்றுதான் வழி. வருஷம் முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணமாட்டார்கள். 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று இத்தாலியர்களே அதற்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஊரைத் தேடிப் போய் மாணவர்களுக்குப் பாடசாலை ஆக்கியவர் ஒரு பெண்மணி என்பதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அஸ்திரா ஸரினா என்று பெயர். 1929-ல் லாட்வியா தேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1960-ல் 'ரோம் பரிசு' கிடைத்தது. கட்டடக் கலைக்காக அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தானாம். வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியையாக இருந்தார். சிவிட்டாவில் பாழடைந்து கிடந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டார். 1976 முதல் மாணவ மாணவிகளை அங்கே அழைத்து வந்தார். 2008-ல் காலமானார். அவர் போட்ட பாதையில் இன்றும் தேசாந்தரங்களிலிருந்து பிள்ளைகள் வந்து, இடிந்த சுவரையும் தேய்ந்த படியையும் அளந்து படிக்கிறார்கள்.

"முதல் நாள் சாயங்காலம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், அத்தை" என்றாள் அண்ணன் மகள். "அவரவர் சொந்த ஊர் வீதியையும், அதில் ஒரு வீட்டையும் நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். ஜப்பான் பெண் வரைந்தாள். மெக்ஸிகோ பையன் வரைந்தான். எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர் என்று சொல்லத் தெரிந்தது. வரையத் தெரியவில்லை. வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்."

அவள் மீது என்ன தப்பு? பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சென்னையில். ஊருக்கு மூன்று தடவை வந்திருப்பாள். மூன்று தடவையும் காரில் தூங்கிக்கொண்டு வந்தாள். இப்போதோ அந்த ஊர் வீட்டை விற்பதற்கு அண்ணா முன்பணம் வாங்கியாகிவிட்டது. பத்திரம் பதிய இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி.

"விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிடுகிறேன். நீயும் வா, அத்தை. நாடாவுக்கு இரண்டு முனை இருக்கிறது" என்றாள்.

உயர்ந்த கோபுரமும் குறுகிய நடையும்

விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறினோம். சுமார் 40 கிலோமீட்டர். ஐப்பசி மாதமாகையால் வயலெல்லாம் பச்சை. ஊர் வருவதற்கு வெகு முன்பே கோபுரம் வந்துவிடுகிறது. உலகளந்த பெருமாள் கோயிலின் ராஜகோபுரம். பதினொரு நிலை, 192 அடி உயரம். சின்ன வயதில் பஸ்ஸில் வரும்போது, "கோபுரத்தை முதலில் பார்த்தவர் யார்?" என்று எங்களுக்குள் பெரிய போட்டியே நடக்கும்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். எனக்குக் கழுத்து வலித்தது. அவளுக்கோ பாடம் ஆரம்பமாகிவிட்டது. "அடியில் கருங்கல், மேலே போகப் போகச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். ஏன் தெரியுமா? கனமானது கீழே, லேசானது மேலே. ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் வாசல் வைத்தது சும்மா இல்லை, காற்றும் வெளிச்சமும் போகும், பாரமும் குறையும்" என்றாள். ஐம்பது வருஷமாகக் கும்பிட்ட கோபுரம், இதெல்லாம் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை!

உள்ளே மூலவர் திரிவிக்கிரமர். மூன்றடி மண் கேட்டு வந்து, இரண்டடியில் மண்ணையும் விண்ணையும் அளந்து, மூன்றாம் அடிக்கு மகாபலியின் தலையைக் கேட்டவர். ஒரு திருவடி மண்ணில், ஒரு திருவடி ஆகாயத்தில். 108 திவ்ய தேசங்களில் இது ஒன்று என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு அழியாப் பெயர் வாங்கிக் கொடுத்தது 192 அடிக் கோபுரம் அல்ல, ஓர் ஆள் படுக்கிற அளவுள்ள இடைகழி.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருட்டும் மழையுமான ஓர் இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். "ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம்" என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார். "இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம்" என்று மூவரும் எழுந்து நின்றார்கள். அப்புறம் நாலாவதாக யாரோ வந்து நெருக்குவது போல் இருந்தது. ஒருவர் உலகத்தையே அகலாக்கி விளக்கேற்றினார். ஒருவர் அன்பை அகலாக்கினார். மூன்றாமவர் அந்த வெளிச்சத்தில் நெருக்கியது யார் என்று கண்டுகொண்டார். முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்த விதம் இது என்று வைஷ்ணவப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சிறு வயதிலிருந்து கேட்ட இந்தக் கதையை அண்ணன் மகளுக்குச் சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

"அத்தை, இதைவிட நன்றாக ஓர் அறையின் அளவை யாராலும் சொல்ல முடியாது. அடி இல்லை, அங்குலம் இல்லை. ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்க! முதல் வருஷத்தில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதுமே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நம் அளவுகளே உடம்பிலிருந்து வந்தவை அல்லவா? பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். பூக்காரி முழம் போடுவதும் கையால்தான்; ஸ்தபதி கணக்கில் ஒரு முழம் இருபத்துநாலு அங்குலம் ஆவதும் கையை வைத்துத்தான். சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்றே பெயர். அளப்பது என்பது நம்மவர்களுக்கு ஸ்வாமி செய்த காரியம்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஊர்ப் பெருமாளுக்கு வடமொழியில் 'தேஹளீசன்' என்று திருநாமம். தேஹளி என்றால் வாசல் நடை. மூவுலகும் அளந்தவர், கடைசியில் ஒரு வீட்டு நடைக்குச் சொந்தக்காரராகப் பெயர் வாங்கிக்கொண்டார்! இடைகழி என்ற சொல்தான் தேய்ந்து நம் வீடுகளில் 'ரேழி' ஆயிற்று. செருப்பும் குடையும் சைக்கிளும் போட்டு வைக்கிறோமே, அதே ரேழிதான்.

ஆற்று நடுவே ஒரு பாறை

சாயங்காலம் கீழையூர்ப் பக்கம் நடந்தோம். அங்கே வீரட்டேசுவரர் கோயில். அந்தகாசுரனைச் சிவபெருமான் சங்கரித்த இடம். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. விநாயகர் அகவலை ஔவையார் பாடியது இங்குள்ள பெரிய யானைக் கணபதி சந்நிதியில் என்பார்கள்.

பக்கத்தில் தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து கடலூர்ப் பக்கம் கடலில் சேருகிற ஆறு. பெரும்பாலான நாட்களில் மணல்தான். ஆனால் இதை நம்பக்கூடாது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பின் இந்தப் பெண்ணைதான் இரு கரையும் புரண்டு ஓடிற்று.

ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை, அதன் உச்சியில் சின்னஞ்சிறு செங்கல் கோயில் தெரிகிறது. அதுதான் கபிலர் குன்று. பறம்பு மலைப் பாரி இறந்த பின் அவன் பெண்களைக் கரையேற்றும் பொறுப்பு நண்பர் கபிலர் தலையில் விழுந்தது. இது மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர். இங்கே வந்து பெண்ணுக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டு, நண்பன் போன வழியே தாமும் போனார். வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது ஒரு வழக்கு; தீப்புகுந்தார் என்கிறது வீரட்டேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. இராஜராஜனின் தாய் வானவன் மாதேவி இந்த மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் இறந்ததும் அவர் உடன்கட்டை ஏறியதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. அதைக் கேட்டு எங்களுக்குச் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

"யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தானே தெரிகிறது?" என்றாள் அவள் மெதுவாக.

எழுதி வைத்தால் மட்டும் போதாது, படிக்கிறவரும் வேண்டும். இதே வட்டாரத்தில் ஜம்பை என்றொரு கிராமம். அங்கே ஒரு குன்றின் குகையில் ஒரே ஒரு வரி தமிழ் பிராமி எழுத்து. கோவலூரை அதியமான் வென்றதை ஔவையார் பாடினாரே, அந்த அதியமான் நெடுமான் அஞ்சி, குகை இருப்பிடம் ஒன்றைத் தானமாகக் கொடுத்த செய்தி அது. 1981-ல்தான் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அசோகரின் கல்வெட்டில் வரும் 'சத்தியபுத்திரர்' யார் என்று வெகு காலமாக அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்கு விடை இந்த ஒற்றை வரியில் இருந்தது! ஆடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் எத்தனை நூற்றாண்டுகள் அதன் பக்கத்தில் நடந்திருப்பார்கள்!

இதுவும் மலை ஊர்தான்

மறுநாள் விடியற்காலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து அரகண்டநல்லூர் போனோம். பாலத்தைத் தாண்டினால் மாவட்டமே மாறிவிடுகிறது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது திருக்கோவிலூர் அதில் சேர்ந்தது. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. தேவாரத்தில் இதற்கு அறையணிநல்லூர் என்று பெயர். அறை என்றால் பாறை. பாறையை நகையாக அணிந்த நல்ல ஊர்!

கோயில் பாறை மேலேயே இருக்கிறது. மேலே நின்றால் கீழே ஆறு, அக்கரையில் கோபுரம். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் திருவண்ணாமலையும் தெரியும். இங்கிருந்துதான் ஞானசம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது ஐதீகம். 1896-ல், பதினாறு வயதுப் பிள்ளையாக வீட்டை விட்டுக் கிளம்பிய ரமணரும் இங்கே வந்து, கோயிலில் ஒரு பேரொளியைக் கண்டார். கையில் காசு இல்லை. ஊரில் ஒரு வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து ரயிலேறித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பசியோடு வந்த பிள்ளையை உள்ளே அழைத்த ஊர் இது என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பாறையின் அடியில் முற்றுப்பெறாத ஒரு குடைவரை. அதைத்தான் அவள் வெகு நேரம் பார்த்தாள். "முடிந்த கோயிலைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். முடியாததைப் பார்த்தால்தான் எப்படிச் செய்தார்கள் என்று தெரியும்" என்று சொல்லி, உளி பட்ட இடங்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு பாறை விளிம்பில் உட்கார்ந்து ஆற்றையும் ஊரையும் வரைந்தாள்.

"சிவிட்டாவும் இப்படித்தான், அத்தை. குன்று, பாலம், எதிரே ஊர். அங்கே போகாமல் இருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது."

நான் என்னமோ, "நம் ஊரில் இல்லாததா இத்தாலியில் இருக்கிறது?" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் விட்டேன். நம் ஊரில் இருப்பதைப் பார்க்கும் கண்ணை அவள் அங்கேதானே வாங்கி வந்தாள்? டிக்கட் செலவு தண்டம் இல்லை.

நாடாவின் மறுமுனை

பிற்பகல் வீட்டைத் திறந்தோம். வீட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ஆயா நாங்கள் நாடாவும் கையுமாக நிற்பதைக் கண்டு, "இன்னாம்மா, கொத்து வேலைக்கா வந்திருக்கீங்க?" என்று சிரித்தாள்.

திண்ணையில் ஆரம்பித்தோம். உயரம் இரண்டே கால் அடி. "தலைச் சுமையோடு வருகிறவர் குனியாமல் கூடையை இறக்கி வைக்க வசதி" என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். நிலைவாசல் ஐந்தரை அடி. அண்ணாவின் உயரம் ஐந்தே முக்கால். தலையில் இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்த நாள் கிடையாது. முற்றம், தாழ்வாரம், கூடம், இரண்டாங் கட்டு, புழக்கடைக் கிணறு என்று ஒவ்வொன்றாக அளந்தோம். நாடாவின் முனையைச் சுவரில் அழுத்தியபடி நான் நிற்பேன். அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். அந்தச் சுவரை நான் தொட்டு எத்தனை வருஷம்!

கடைசியில் ரேழி. நீளம் பதினோரு அடி. அகலம் நாலடி மூன்று அங்குலம்.

"வினோதமான அளவாயிருக்கிறதே? நாலடி வைத்திருக்கலாம், நாலரை வைத்திருக்கலாம்" என்றாள்.

"அது அளவில்லை, வயது!" என்றேன் நான்.

விடுமுறைக்கு வந்தால் பெரியவர்களுக்குக் கூடம், பிள்ளைகளுக்கு ரேழி. குறுக்கே படுத்தால் ஆறு பேர் படுக்கலாம். ஓரத்தில் பாட்டி விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். எட்டு வயது வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு விடுமுறையில் கால் சுவரில் இடிக்கும். இடித்தால், "நீ பெரியவனாகிவிட்டாய்; கூடத்துக்குப் போ" என்று பாட்டி உத்தரவு போட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெரியவர்கள் ஆனது பிறந்த நாளால் அல்ல, ரேழியின் அகலத்தால்!

நான் சொல்லச் சொல்ல, அவள் படத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'இடைகழி: ஆறு பிள்ளைகள் படுக்க, ஒரு பாட்டி உட்கார.' அப்புறந்தான் அடிக் கணக்கு.

குறித்த நாளில் பத்திரம் பதிவாயிற்று. வாங்கியவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு யாருக்கு உபயோகம்? தை மாதம் வீட்டை இடித்தார்கள். நாங்கள் யாரும் போகவில்லை.

பொங்கல் கழித்து அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அவள் வரைந்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். திண்ணை முதல் கிணறு வரையில் ஒரு கோடு விடாமல் இருந்தது. வீடு விற்பதைப் பற்றி ஒரு நாளும் முகம் வாடாத அண்ணா, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படத்தின் அருகில் போனார். ரேழியின் மேல் விரலை வைத்தார்.

"இங்கே கால் இடிச்ச அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன், தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அறுபது வருஷமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் ஒரு வீடு இருக்கும். இன்றைக்கோ நாளைக்கோ அதை விற்கத்தான் வேண்டியிருக்கும்; வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதற்கு முன்னால் ஒரு தடவை, வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், நாடாவின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். போகிற வழி திருக்கோவிலூரானால், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போங்கள். அளக்கிற காரியத்துக்கு அவரைவிட உகந்த தெய்வம் வேறு யார்?